நிற்கக் கற்றுத்தரும் ஆட்டங்கள்

வாசகர் கேள்விகளுக்கு ஒரு மழலையர் பள்ளி ஆசிரியையின் பதில்கள்

பள்ளி திறந்து ஒரு மாதம் ஆனால் போதும், இந்தப் பகுதிக்கு வரும் கடிதங்களில் பாதி ஒரே விஷயத்தைக் கேட்கும். பிள்ளை ஓரிடத்தில் இருப்பதில்லை, ஓடினால் நிற்பதில்லை, விழுகிறாள், இடித்துக்கொள்கிறான். இந்த இதழில் அந்தக் கேள்விகளை மட்டும் எடுத்துக்கொண்டேன்.

என் மகனுக்கு 4 வயது முடிந்துவிட்டது, எல்.கே.ஜி. போகிறான். வகுப்பில் ஒரு நிமிடம்கூட உட்காருவதில்லை என்று டைரியில் எழுதி அனுப்புகிறார்கள். வீட்டிலும் ‘ஆடாம உக்காரு’ என்று சொல்லிச் சொல்லி எனக்குத் தொண்டை கட்டிவிட்டது. அவனை ஓரிடத்தில் உட்காரவைக்க ஏதாவது விளையாட்டு இருந்தால் சொல்லுங்கள் டீச்சர்.
– ஒரு தாய், தாம்பரம்

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். உங்கள் மகன் உங்களை மதிக்காமல் ஆடவில்லை, ஆடாமல் இருப்பது எப்படி என்று அவன் உடம்புக்கு இன்னும் முழுதாகத் தெரியவில்லை. நமக்கு உட்காருவது ஓய்வு, 4 வயதுப் பிள்ளைக்கு அது பெரிய வேலை. முதுகும் வயிறும் நிமிர்ந்து தாங்க வேண்டும், பெஞ்சில் கால் தொங்கினால் அதை அடக்க வேண்டும், பக்கத்துப் பையன் பென்சிலை உருட்டினால் திரும்பாமல் இருக்க வேண்டும், இத்தனையும் செய்துகொண்டே மிஸ் சொல்வதையும் கேட்க வேண்டும்.

பொங்கல் விளையாட்டுப் போட்டிகளில் ஸ்லோ சைக்கிள் ரேஸ் பார்த்திருப்பீர்கள். பறந்து பறந்து ஓட்டுகிற பையன்கள் பத்தடி போவதற்குள் காலை ஊன்றிவிடுவார்கள், கடைசி வரை வருகிறவன் சைக்கிளை முழுக்கத் தன் கைக்குள் வைத்திருப்பவன். பிள்ளைகளின் உடம்பும் அப்படித்தான். வேகம் முதலில் வந்துவிடும். மெதுவாகப் போவதும் சட்டென்று நிற்பதும் நின்ற இடத்தில் அசையாமல் இருப்பதும் அப்புறம்தான் வரும், அதற்கு நூறு முறை ஓடி நூறு முறை நின்று பழக வேண்டும். இதனால்தான் நீங்கள் உட்காரவைக்க விளையாட்டு கேட்டால் நான் ஓடவைக்கும் விளையாட்டைச் சொல்கிறேன்.

ஸ்டேச்சு ஆட்டத்தில் தொடங்குங்கள். பாட்டுப் போட்டு ஆடவிட்டு, நடுவில் நிறுத்தி ‘ஸ்டேச்சு!’ என்று சொல்ல வேண்டும், எந்த நிலையில் இருக்கிறானோ அப்படியே நிற்க வேண்டும். முதல் வாரம் இரண்டு வினாடி நின்றால் போதும், விட்டுவிடுங்கள். நிற்க முடிந்தது என்ற சந்தோஷம் வந்தால்தான் அடுத்த வாரம் ஐந்து வினாடி நிற்பான். அப்புறம் அவன் சொல்லட்டும், நீங்கள் நில்லுங்கள். இதை விட்டுவிடாதீர்கள், அம்மா ஆடாமல் நிற்க முயல்வதைப் பார்ப்பது பிள்ளைக்குப் பெரிய பாடம்.

அடுத்தது குளம் கரை. தரையில் சாக்பீஸால் ஒரு கோடு, இந்தப் பக்கம் கரை, அந்தப் பக்கம் குளம். ‘குளம்’ என்றால் உள்ளே குதிக்க வேண்டும், ‘கரை’ என்றால் வெளியே. சூட்சுமம் எங்கே இருக்கிறது தெரியுமா? குளம், கரை, குளம், கரை என்று வேகமாகச் சொல்லிக்கொண்டே போய், குளத்தில் நிற்கும்போது திரும்பவும் ‘குளம்’ என்று சொல்வதில். உடம்பு குதிக்கத் தயாராக எழும்பிவிட்டது, அதைக் கடைசி நொடியில் பிடித்து நிறுத்த வேண்டும். வகுப்பில் எழுந்து ஓடப் போகிற காலைப் பிடித்து நிறுத்துவதும் இதே வேலைதான். மூளையின் முன்பகுதி செய்கிற இந்த வேலை முழுதாகப் பக்குவப்பட இருபது வயதைத் தாண்டிவிடும். 4 வயதில் அது அப்போதுதான் முளைவிட்ட செடி, அதனிடம் நிழல் கேட்கக்கூடாது.

இன்னொன்று, நான் எல்லாப் பெற்றோருக்கும் சொல்வது. 1940களில் சோவியத் ரஷ்யாவில் மனுய்லென்கோ என்ற ஆய்வாளர் சின்னப் பிள்ளைகளிடம் ஒரு சோதனை செய்தார். ஒரு முறை சும்மா ‘அசையாமல் நில்’ என்று சொன்னார்கள், இன்னொரு முறை அதே பிள்ளைகளுக்கு விளையாட்டில் காவல்காரன் வேடம் கொடுத்தார்கள். காவல்காரனாக நின்றபோது, சும்மா நிற்கச் சொன்னதைவிட நெடுநேரம் அசையாமல் நின்றார்கள். பிள்ளை அதேதான், கால் அதேதான், நிற்பதற்கு ஒரு காரணம் கிடைத்துவிட்டது. நம் ஊரில் இதற்கு வேடம் தேடி அலைய வேண்டியதே இல்லை. கோவில் வாசலில் துவாரபாலகர் நிற்கிறாரே, ஒரு காலை மடித்து, ஒரு கையைத் தூக்கி! வாசல்படியில் அவனை அப்படி நிற்கவைத்து, ‘நீதான் காவல், நான் என்ன செய்தாலும் அசையக்கூடாது’ என்று சொல்லிவிட்டு, சாமி கும்பிட வந்தவர் மாதிரி முன்னால் போய் நின்று சிரிக்கவைத்துப் பாருங்கள். ‘ஆடாம உக்காரு’ என்று கத்தியதில் கிடைக்காத அரை நிமிடம் இதில் கிடைக்கும்.

பள்ளியிலும் தயங்காமல் பேசுங்கள். பாடம் தொடங்கும் முன் ஐந்து நிமிடம் பிள்ளைகளைக் குதிக்கவிட்டு நிறுத்தச் சொல்லுங்கள், பிறகு உட்காரவைத்தால் உட்காருவார்கள். டைரியில் புகார் எழுதும் நேரத்துக்கு இதைச் செய்துவிடலாம்.

நாங்கள் இருப்பது மூன்றாவது மாடி. இரண்டு பெட்ரூம் வீடு, மொட்டைமாடியைப் பூட்டி வைத்திருக்கிறார்கள். மகளுக்கு மூன்றரை வயது. குதித்தால் கீழ் வீட்டிலிருந்து போன் வருகிறது, அதனால் வேறு வழியில்லாமல் கையில் செல்போனைக் கொடுத்துவிடுகிறேன். குற்ற உணர்ச்சியாக இருக்கிறது.
– ஒரு வாசகி, வேளச்சேரி

குற்ற உணர்ச்சியை விடுங்கள் சகோதரி, இடம் இல்லாதது உங்கள் தப்பு இல்லை. ஆனால் அளவு தெரிந்திருக்கட்டும். உலக சுகாதார நிறுவனம் 2019இல் வெளியிட்ட வழிகாட்டுதலில் 3, 4 வயதுப் பிள்ளைகளுக்கு ஒரு நாளைக்கு 180 நிமிடமாவது உடல் அசைவு வேண்டும் என்கிறது, அதில் 60 நிமிடம் மூச்சு வாங்குகிற அளவுக்கு. திரை பார்ப்பது ஒரு மணி நேரத்துக்கு மேல் போகக்கூடாது, குறைந்தால் இன்னும் நல்லது. 180 என்றதும் பயப்படாதீர்கள். கடைக்கு நடந்து போவது, படியேறுவது, துணி காயப்போடும்போது கிளிப் எடுத்துக் கொடுப்பது எல்லாம் சேர்ந்ததுதான் அந்தக் கணக்கு. மூச்சு வாங்கும் அந்த ஒரு மணி நேரத்துக்குத்தான் வெளியே போக வேண்டும், பூங்காவோ தெருவோ எதுவானாலும் சரி. மாலை ஐந்து மணிக்குக் கிளம்பிவிடுங்கள், பாத்திரம் காத்திருக்கும்.

வீட்டுக்குள் சத்தமில்லாத ஆட்டங்கள் இருக்கின்றன, உடல் கட்டுப்பாட்டுக்கு அவைதான் குதிப்பதைவிட மேலானவை என்றுகூடச் சொல்வேன். கீழ் வீட்டுக்காரரையே ஆட்டத்தில் சேர்த்துக்கொள்ளுங்கள். ‘கீழே ஒரு தாத்தா தூங்குகிறார், அவருக்குக் கேட்காமல் பூனை மாதிரி சமையலறை வரை போய் ஒரு ஸ்பூன் எடுத்து வா’. குதிகால் தரையைத் தொடாமல், மூச்சைப் பிடித்துக்கொண்டு அவள் போவதைப் பாருங்கள். ஸ்பூனுக்குப் பதில் அடுத்த முறை இரண்டு டம்ளர், ஒன்றோடொன்று மோதிச் சத்தம் வராமல்.

அப்புறம் உங்கள் வீட்டுத் தரையில் டைல்ஸ் இருக்கும், டைல்ஸுக்கு நடுவே கோடு இருக்கும். அந்தக் கோட்டின் மேலேயே ஒரு பாதத்துக்கு முன் இன்னொரு பாதம் வைத்து நடப்பது ஒரு முழு ஆட்டம். நன்றாக வந்ததும் கையில் ஸ்பூனும் எலுமிச்சம்பழமும், பிறகு முக்கால் டம்ளர் தண்ணீர், பிறகு தலையில் சின்னத் தலையணை. மரியா மாண்டிசோரி தன் பள்ளிகளில் தரையில் நீள்வட்டமாகக் கோடு போட்டு, பிள்ளைகளைக் கையில் தண்ணீரோ ஒலிக்கக்கூடாத மணியோ கொடுத்து நடக்கவைத்தது இதே காரணத்துக்காகத்தான். அவர் 1939இல் சென்னை அடையாறுக்கு வந்தவர், போரின் காரணமாக 1946 வரை இந்தியாவிலேயே தங்கவேண்டி வந்தது, கொடைக்கானலிலும் சில ஆண்டுகள் இருந்தார். அவருடைய முறையில் பயிற்சி எடுத்த ஆசிரியைகள் தமிழ்நாட்டில் இன்றும் அந்தக் கோட்டைப் போடுகிறார்கள். தண்ணீர் சிந்தினால் திட்டாதீர்கள், துணியைக் கையில் கொடுங்கள். துடைப்பதும் தோளுக்கும் மணிக்கட்டுக்கும் வேலைதான்.

நண்டு நடை தெரியுமா, உட்கார்ந்து கைகளைப் பின்னால் ஊன்றி இடுப்பைத் தூக்கிப் பக்கவாட்டில் நகர்வது? அது பத்தடி போனாலே பெரியவர்களுக்கே கை நடுங்கும். யானை நடை, பாம்பு ஊர்வது எல்லாம் சத்தமே வராது. தவளை மட்டும் பூங்காவில்.

எங்கள் காலத்தில் இதற்கெல்லாம் டீச்சரைக் கேட்டதில்லை. பாண்டி ஆடினோம், பச்சைக் குதிரை தாண்டினோம், கை கால் நன்றாகத்தான் இருந்தது. இப்போது என் பேரனுக்கு 5 வயது. வாசலில் பாண்டிக்கோடு போட்டுக் கொடுத்தால் என் மகன், ‘ஆம்பளப் புள்ளைக்கு எதுக்கும்மா பொம்பளப் புள்ள வெளையாட்டு’ என்கிறான். நீங்களே ஒரு பதில் சொல்லுங்கள்.
– 68 வயதுப் பாட்டி, அம்பாசமுத்திரம்

அம்மா, உங்கள் கடிதத்தை நான் இரண்டு முறை படித்தேன். உங்கள் மகனிடம் இந்தப் பக்கத்தைக் கொடுத்துவிடுங்கள்.

தம்பி, பாண்டி ஆட்டத்தில் என்னென்ன நடக்கிறது என்று ஒரு நிமிடம் யோசித்துப் பாருங்கள். சில்லை எறிய வேண்டும், அது குறிப்பிட்ட கட்டத்துக்குள் விழ வேண்டும், கோட்டில் பட்டால் ஆட்டம் போய்விடும். அதனால் கை தன் பலத்தை அளந்து எறியக் கற்றுக்கொள்கிறது. பிறகு ஒற்றைக் காலில் நொண்டி, சில்லு இருக்கிற கட்டத்தைத் தாண்டி, கோட்டை மிதிக்காமல் போக வேண்டும். ஒவ்வொரு குதிப்பிலும் உடம்பு முன்னால் சாயும், அதைக் கணுக்கால் பிடிக்க வேண்டும். திரும்பி வரும்போது ஒற்றைக் காலில் நின்றபடியே குனிந்து சில்லை எடுக்க வேண்டும். இந்த ஒரு அசைவுக்காகவே பாண்டியை எல்லாப் பிள்ளைகளுக்கும் கட்டாயமாக்கலாம் என்று எனக்குத் தோன்றும். அதற்கும் மேலே போனால் நெற்றியில் சில்லை வைத்து, வானத்தைப் பார்த்தபடி ‘ரைட்டா?’ ‘ரைட்டு’ என்று கேட்டுக்கேட்டு நடப்பது இருக்கிறது. கண் உதவாமல், பாதம் எங்கே இருக்கிறது என்று உடம்பே உணர்ந்து வைக்கிற அடி. கிரிக்கெட் ஆடப் போகிற பையனுக்கும் இதே கணுக்கால்தான் வேண்டும், இதே கண்ணும் கையும்தான் வேண்டும். ஆணுக்கு ஒன்று பெண்ணுக்கு ஒன்று என்று உடம்பு பிரித்து வைத்திருக்கவில்லை.

பேரனுக்கு 5 வயது என்பதால் ஒரு சின்ன மாற்றம் மட்டும் சொல்கிறேன் அம்மா. ஒற்றைக் காலில் நிற்பது பொதுவாக 3 வயதில் ஓரிரு வினாடி, 4 வயதில் ஐந்து வினாடிக்குப் பக்கத்தில், 5 வயதில் பத்து வினாடிக்குப் பக்கத்தில் வரும், பிள்ளைக்குப் பிள்ளை முன்னே பின்னே இருக்கும். நொண்டிக் குதிப்பதும் 4, 5 வயதில்தான் நிலைக்கு வரும். அதனால் எட்டுக் கட்டம் வேண்டாம், நான்கு போதும், கட்டத்தைக் கொஞ்சம் பெரிதாகப் போடுங்கள். முதலில் இரண்டு காலாலும் குதிக்கட்டும், அடுத்து ஒன்று விட்டு ஒன்று நொண்டட்டும். சில்லு வழுக்கிப் போனால் ஈரத்துணியை முடிச்சுப் போட்டுக் கொடுங்கள், எறிந்த இடத்திலேயே விழும். பழகிய காலில் மட்டும் நொண்டாமல் மற்றக் காலுக்கும் ஒரு சுற்று கொடுங்கள். பச்சைக் குதிரை இப்போது வேண்டாம், ஏழெட்டு வயது ஆகட்டும், குனிகிற பிள்ளையின் கழுத்தில் பாரம் விழுந்துவிடும்.

உங்கள் காலத்தில் டீச்சர் தேவைப்படாததற்குக் காரணம் தெருவில் வயது கலந்து ஆடியதுதான் அம்மா. பெரிய பிள்ளைகள் ஆடும்போது மூன்று வயதுத் தம்பியையும் ‘ஒப்புக்குச் சப்பாணி’யாகச் சேர்த்துக்கொள்வார்கள். அவன் கோட்டை மிதித்தாலும் அவுட் இல்லை, எல்லோருக்கும் நடுவில் குதித்துக்கொண்டே இருப்பான், இரண்டு வருடத்தில் தானாகவே நிஜ ஆட்டக்காரன் ஆகிவிடுவான். அந்தச் சொல் கேலியாக ஒலிப்பதால் எனக்கு அது பிடிக்காது, அந்த ஏற்பாடு மிகவும் பிடிக்கும். சப்பாணி என்றதும் இன்னொன்று நினைவுக்கு வருகிறது. பிள்ளைத்தமிழில் சப்பாணிப் பருவம் என்றால் குழந்தை கைகொட்டுகிற 9ஆம் மாதம். அதற்கு முன்னால் செங்கீரை, கைகளை ஊன்றி ஒரு காலை மடக்கித் தலை நிமிர்த்தி ஆடுகிற 5ஆம் மாதம். பின்னால் தளர்நடை போட்டு வருகிற வருகைப் பருவம். கடைசியில் ஆண்பிள்ளைக்குச் சிறுபறையும் சிறுதேரும், பெண்பிள்ளைக்கு அம்மானையும் கழங்கும் ஊசலும். குழந்தையின் உடம்பு எந்த வரிசையில் தனக்கு வசமாகிறது என்று இவ்வளவு கவனமாகப் பார்த்த பாட்டு நம்மிடம் இருக்கிறது. உங்கள் மகனுக்கு வேண்டுமானால் கடைசி வரியைக் காட்டி, ‘அதிலும் பிரித்துத்தானே வைத்திருக்கிறார்கள்’ என்று வாதாட இடம் உண்டு. ஆனால் செங்கீரையும் சப்பாணியும் வருகையும் இருவருக்கும் பொது என்பதையும் அவர் பார்க்கட்டும்.

என் பிள்ளைகள் இருவரும் கைகோத்துத் தட்டாமாலை சுற்றிச் சுற்றி விழுகிறார்கள். மூளைக்குக் கெடுதல் என்று பக்கத்து வீட்டில் பயமுறுத்துகிறார்கள். நிறுத்திவிடவா?
– ஒரு தந்தை, பட்டுக்கோட்டை

நிறுத்த வேண்டாம். இரண்டு காதுக்குள்ளும் மும்மூன்று அரைவட்டக் குழாய்கள் இருக்கின்றன, உள்ளே திரவம். நாம் சுற்றும்போது அதுவும் சுழலத் தொடங்கும், நாம் நின்ற பிறகும் கொஞ்ச நேரம் அது நிற்காது, அந்த நேரத்தில்தான் வீடு சுற்றுகிறது. கண் சொல்வதையும் காது சொல்வதையும் பாதம் சொல்வதையும் ஒன்றுசேர்த்துச் சமாளிக்க மூளை பழகும் இடம் அது. இரண்டு சுற்றுக்கு ஒருமுறை நிறுத்தி, ஒற்றை இலக்கைப் பார்த்து நேராக நடக்கச் சொல்லுங்கள், பிறகு எதிர்ப்பக்கம் சுற்றட்டும். மணலிலோ புல்லிலோ ஆடட்டும், சாப்பிட்ட உடனே வேண்டாம். பிள்ளை வெளுத்துப்போனாலோ குமட்டல் என்றாலோ அன்றைக்குப் போதும். வலிப்பு வந்த வரலாறு உள்ள பிள்ளையானால் முதலில் மருத்துவரைக் கேளுங்கள்.

ஆனால் பெரியவர்கள் செய்கிற ஒன்றை நிறுத்தியே ஆக வேண்டும். மணிக்கட்டைப் பிடித்துப் பிள்ளையைத் தூக்கிச் சுற்றுவது. ஐந்து வயதுக்குள் முழங்கை மூட்டின் பிடிப்பு இன்னும் இறுகியிருக்காது, ஒரு இழுப்பில் எலும்பு நழுவிவிடும். சுற்ற ஆசையாக இருந்தால் அக்குளுக்குக் கீழே இரண்டு கையும் கொடுத்து, மார்போடு அணைத்துச் சுற்றுங்கள்.

நான் அங்கன்வாடிப் பணியாளர். ஒரே அறை, 22 பிள்ளைகள், 2 வயதிலிருந்து 5 வயது வரை. வெளியே இடமில்லை. எல்லோரையும் சேர்த்து ஆடவைக்க என்ன செய்யலாம்?
– ஒரு வாசகி, அரூர்

உங்கள் வேலை எவ்வளவு கடினம் என்று எனக்குத் தெரியும், என்னிடம் இருப்பதைச் சொல்கிறேன்.

ஒரு சொம்பும் கரண்டியும் போதும். மெதுவாகத் தட்டினால் மெதுவாக நடக்க வேண்டும், வேகமாகத் தட்டினால் நின்ற இடத்திலேயே வேகமாகக் கால் மாற்ற வேண்டும், சத்தம் நின்றால் நிற்க வேண்டும். 2 வயதுப் பிள்ளைகள் பார்த்துப் பார்த்து ஒரு நொடி பிந்தி நிற்பார்கள், பரவாயில்லை. ஒரு வாரம் கழித்து விதியைத் திருப்புங்கள், மெதுவாகத் தட்டினால் வேகம், வேகமாகத் தட்டினால் மெதுவு. பெரிய பிள்ளைகளுக்கு அப்போதுதான் உண்மையான வேலை தொடங்கும், சின்னவர்கள் தங்கள் இஷ்டத்துக்கு ஆடட்டும். ‘தலையைத் தொடு’ என்றால் காலைத் தொட வேண்டும், ‘காலைத் தொடு’ என்றால் தலையை என்று மாற்றிச் செய்யச் சொல்வதும் இதே வகை. அமெரிக்காவில் ஆரிகன் மாநிலப் பல்கலைக்கழகத்தில் டாமினி, மெக்லெலண்ட் என்ற இருவர் இப்படிச் சிவப்பைக் கண்டால் ஓடு, பச்சையைக் கண்டால் நில் என்று விதியைப் புரட்டும் வட்ட விளையாட்டுகளை மழலையர் வகுப்புகளில் வாரம் இருமுறை, 8 வாரம் ஆடவைத்து 2011இல் முடிவை எழுதினார்கள். தொடக்கத்தில் தன்னைக் கட்டுப்படுத்திக்கொள்ள மிகவும் சிரமப்பட்ட பிள்ளைகளுக்குத்தான் அதில் நல்ல முன்னேற்றம் தெரிந்தது. உங்கள் அறையில் யார் அதிகம் தள்ளிவிடுகிறானோ அவனுக்காகத்தான் இந்த ஆட்டம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

உட்கார்ந்து ஆட ‘காக்கா பற’ இருக்கிறது. ‘காக்கா பற, குருவி பற, எருமை பற’. எருமைக்குக் கை தூக்காதவர் கெட்டிக்காரர். இடமே வேண்டாம், சிரிப்புக்கும் குறைவில்லை.

ஒன்றே ஒன்று கெஞ்சிக் கேட்கிறேன், யாரையும் அவுட் ஆக்கி ஓரத்தில் உட்காரவைக்காதீர்கள். நிற்கத் தெரியாத பிள்ளைதான் முதலில் அவுட் ஆவான், பழக வேண்டியவனும் அவன்தான். தப்பு செய்தவர் ஒருமுறை கொக்கு மாதிரி ஒற்றைக் காலில் நின்றுவிட்டுத் திரும்ப ஆட்டத்துக்கு வரட்டும். மியூசிக்கல் சேர் ஆடினால் நாற்காலியை எடுக்க வேண்டாம், எல்லா நாற்காலியும் இருக்கட்டும், பாட்டு நின்றதும் சத்தமில்லாமல் உட்காருவதே போட்டியாக இருக்கட்டும்.

மகளுக்கு 5 வயது. சமதரையில் ஓடும்போதே விழுகிறாள், மாடிப்படியில் ஒவ்வொரு படியிலும் இரண்டு காலையும் வைத்துத்தான் இறங்குகிறாள். மாமியார் ‘போகப் போகச் சரியாயிடும்’ என்கிறார். விளையாட்டால் சரியாகுமா, டாக்டரிடம் போக வேண்டுமா?
– பெயர் வேண்டாம், நாமக்கல்

டாக்டரிடம் ஒருமுறை காட்டிவிடுங்கள். பயப்பட வேண்டும் என்று சொல்லவில்லை. கால் மாற்றிப் படி ஏறுவது 3 வயதிலும் இறங்குவது 4 வயதை ஒட்டியும் பெரும்பாலான பிள்ளைகளுக்கு வந்துவிடும், உங்கள் மகளுக்கு 5 ஆகிவிட்டது, அதோடு விழவும் செய்கிறாள் என்பதால் பார்ப்பது நல்லது. சில சமயம் கண் பார்வைக் குறைவாகவே இருக்கும், ஒரு கண்ணாடியில் தீர்ந்துவிடும். சில சமயம் பயம் மட்டும்தான், படி இல்லாத வீட்டில் வளர்ந்த பிள்ளைக்குப் படி புதிது.

காத்திருக்கவே கூடாதவை வேறு. முன்பு செய்ததை இப்போது செய்ய முடியாமல் போவது, உடம்பின் ஒரு பக்கத்தை மட்டுமே பயன்படுத்துவது, எப்போதும் நுனிக்காலில் நடப்பது, தரையிலிருந்து எழும்போது தொடையின் மேல் கையை ஊன்றி ஊன்றி ஏறுவது போல எழுவது. இவற்றில் எது இருந்தாலும் அந்த வாரமே போங்கள். பணம் பற்றிய கவலை இருந்தால், 2013இல் தொடங்கிய தேசியக் குழந்தைகள் நலத் திட்டத்தின் கீழ் அரசு மருத்துவக் குழுக்கள் அங்கன்வாடிக்கும் பள்ளிக்கும் வந்து பிள்ளைகளைப் பரிசோதிக்கிறார்கள். அங்கிருந்து மாவட்ட ஆரம்பநிலை இடையீட்டு மையத்துக்கு அனுப்புவார்கள், சிகிச்சை இலவசம். அந்த மையத்தின் ஆங்கிலச் சுருக்கமான டி.இ.ஐ.சி. என்று கேட்டால் பெரிய அரசு மருத்துவமனையில் வழி சொல்வார்கள்.

அதுவரைக்கும் அவளோடு படி விளையாட்டு ஆடுங்கள். இரண்டே படி, கடைசிப் படிகள் மட்டும். ஒரு கை கைப்பிடியில், ஒரு கை உங்களிடம். படிக்கு ஒரு பெயர், வலது காலுக்கு ஒரு மஞ்சள் ரப்பர் பேண்டைக் கொலுசு மாதிரி தளர்வாகப் போட்டு, ‘இப்போ மஞ்சள் கால், இப்போ வெறும் கால்’. ஆட்டம் முடிந்ததும் கழற்றிவிடுங்கள். மாமியாரையும் கூட நிற்கச் சொல்லுங்கள், அவரும் மெதுவாகத்தானே இறங்குவார், பிள்ளைக்கு ஒரு ஜோடி கிடைக்கும்.

ஷிப்ட் முடிந்து வீட்டுக்கு வரவே இரவு எட்டரை ஆகிவிடுகிறது. வந்ததும் மகனோடு (4 வயது) குதிரை ஏற்றி, தூக்கிப் போட்டு விளையாடுவேன். அப்புறம் அவன் பத்தரை வரை தூங்குவதில்லை, மனைவி கோபப்படுகிறார். விளையாடவே கூடாதா?
– ஒரு தொழிலாளி, ஸ்ரீபெரும்புதூர்

விளையாடுங்கள் தம்பி. நாள் முழுக்க அவன் காத்திருந்தது அந்தப் பத்து நிமிடத்துக்காகத்தான். இந்த வயதில் பகல் தூக்கத்தையும் சேர்த்து 10 முதல் 13 மணி நேரம் தூங்க வேண்டும் என்பதால் உங்கள் மனைவி சொல்வதும் நியாயம். வரிசையை மட்டும் சரிசெய்துகொள்ளுங்கள்.

முதல் நான்கு நிமிடம் குதிரை, தலையணைச் சண்டை, என்ன வேண்டுமானாலும். ஆனால் நடுநடுவே ‘குதிரை நில்’ என்று அவன் சொன்னால் குதிரை நிற்க வேண்டும், நீங்கள் ‘வீரன் நில்’ என்றால் அவன் நிற்க வேண்டும். அடுத்து யானை, கனமாக, மெதுவாக, அறையை இரண்டு சுற்று. அடுத்து ஆமை, அதைவிட மெதுவாக, பாய் வரை. பிந்தி வருகிற ஆமைக்குத்தான் வெற்றி என்று சொல்லிவிடுங்கள், அவன் விரல் விரலாக நகர்வதைப் பார்ப்பீர்கள். பாய்க்கு வந்ததும் மல்லாந்து படுக்கவைத்து, வயிற்றின் மேல் லேசான ஒரு பொம்மையையோ காகிதக் கப்பலையோ வையுங்கள். மூச்சு இழுத்தால் கப்பல் ஏறும், விட்டால் இறங்கும், கவிழாமல் எத்தனை அலை தாண்டுகிறது என்று இருவரும் மெல்லிய குரலில் எண்ணுங்கள். விளக்கை முன்பே குறைத்துவிடுங்கள். என் வகுப்பில் மதியத் தூக்கத்துக்கு முன் இதைத்தான் ஆடுகிறோம், இருபதாவது அலை வரை விழித்திருக்கிற பிள்ளைகள் நான்கைந்து பேர்தான் இருப்பார்கள்.